ஒரே வாரத்திற்கு இரண்டு விலை: காலப்பங்கு வாணிகம் வளர்ந்த வரலாறு

நிலத்தைப் பங்கிடுவது நமக்குப் பழக்கமானது. காலத்தைப் பங்கிடுவதும் முற்றிலும் புதிதன்று. ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில், இன்னாருக்கு இத்தனை நாழிகை நீர் என்று முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கத்தைப் பலரும் அறிவர். முறை வந்தபோது மடை ஒருவருடையது; முறை கழிந்தால் அடுத்தவருடையது. ஆனால், கடற்கரையிலோ மலைச்சாரலிலோ அமைந்த விடுதி ஒன்றின் அறையை ஆண்டுக்கு ஏழு நாள் என்று கூறு போட்டு, அந்த ஏழு நாளையும் நிலம்போல் பத்திரம் எழுதி விற்கும் வாணிகம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் தோன்றியது. ஆங்கிலத்தில் ‘டைம்ஷேர்’ என வழங்கும் இதனைக் காலப்பங்கு என்று சொல்லலாம்.

இவ்வாணிகத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஒரு விந்தை உண்டு. விடுதியைக் கட்டிய நிறுவனத்திடம் ஒருவர் இருபதினாயிரம் டாலர் கொடுத்து ஒரு வாரத்தை வாங்குகிறார். அதே விடுதியில், அதே அளவுள்ள அறையில், அதே பருவத்து வாரத்தை, முன்னரே வாங்கியவர் ஒருவர் சில நூறு டாலருக்குத் தருகிறேன் என்று விளம்பரம் செய்கிறார். ஒரே ஒரு டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தவர்களும் உண்டு. அப்படியும் கொள்வாரின்றிக் கிடந்த வாரங்களும் உண்டு. மகிழுந்து ஒன்று கடையை விட்டு இறங்கியதும் விலை குறைவது உலகியல்பு. ஆனால் மகிழுந்து தேய்கிறது. வாரம் தேய்வதில்லை. அடுத்த ஆண்டின் முப்பதாம் வாரம் இவ்வாண்டின் முப்பதாம் வாரத்தைப் போலவே புத்தம் புதியது. அவ்வாறிருக்க விலை ஏன் விழுந்தது? நேர்விற்பனையில் வாங்குவது நன்றா, மறுவிற்பனையில் வாங்குவது நன்றா என்று கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய வினா இது. இதற்கு விடை காண இவ்வாணிகத்தின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆல்ப்சு மலையில் பிறப்பு

1963-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஆப்பிமாகு என்னும் நிறுவனம் தோன்றியது. அலெக்சாந்தர் நெட்டே என்பவர் அதனைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர். விடுமுறை இல்லங்களை ஒரு நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளும். மக்கள் அந்நிறுவனத்தின் பங்குகளை வாங்குவர். பங்குக்கு ஏற்ப ஆண்டுதோறும் இல்லங்களில் தங்கும் உரிமை பெறுவர். இன்ன வீடு, இன்ன வாரம் என்று எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு கழகம் வைத்து நடத்துவதைப் போன்ற அமைப்பு அது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1967-இல், பிரெஞ்சு ஆல்ப்சு மலையில் சூப்பர்தேவோலுயி என்ற பனிச்சறுக்கு ஊரில் வேறொரு வழி பிறந்தது. அறையை வாடகைக்கு எடுப்பதைவிட ஓட்டலையே வாங்கிவிடுவது மலிவு என்ற பொருள்படும் விளம்பரத்தோடு அங்கு வாரங்கள் விற்கப்பட்டன. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘முல்திபுரோப்பிரியேத்தே’. பலருடைமை என்று தமிழில் சொல்லலாம். விளம்பரத்தின் வலிமை முழுவதும் அந்த ‘உடைமை’ என்ற சொல்லிலேதான் இருந்தது. வாடகைக்கு இருப்பவனை விடச் சொந்தக்காரன் மேலானவன் என்ற எண்ணம் எந்நாட்டு மக்களுக்கும் பொதுவன்றோ!

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ள நம் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. அந்தப் பலருடைமையில் உண்மையில் எவருக்கும் உடைமை இல்லை. வாங்கியவர் பெற்றது, கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கும், குறித்த நாட்களில் தங்கும் உரிமையுமே. சுவர் நிறுவனத்தினுடையது, தரையும் நிறுவனத்தினுடையது. பெயர் மட்டும் உடைமை. பிரெஞ்சு அரசு 1986 சனவரி 6-ஆம் நாள் இயற்றிய சட்டத்தில் இவ்வகைப் பங்காளரைக் குறித்து விளம்பரங்களில் உடைமை என்றோ உடைமையாளர் என்றோ எழுதக்கூடாது என விதித்தது. ஒரு சொல்லைப் பொருந்தாத பொருளில் ஆளலாகாது என்று நாடாளுமன்றமே இலக்கண ஆசிரியராக நின்று தடுத்தது இனிய செய்தி. ஆனால் அதற்குள் இருபது ஆண்டுக்காலம் அச்சொல் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

புளோரிடாவில் வளர்ப்பு

1969-இல் ஹவாயில் அமெரிக்காவின் முதல் காலப்பங்கு விற்பனை நடந்தது. எனினும் இவ்வாணிகத்தைப் பெருவாணிகமாக்கியது ஒரு நெருக்கடி. 1973-ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை ஏறிற்று. அமெரிக்கப் பொருளாதாரம் தளர்ந்தது. புளோரிடாக் கடற்கரையில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் குவித்தவர்கள் வாங்குவோரின்றித் திகைத்தனர். ஒரு முழு வீட்டை வாங்க ஒருவரிடம் பணமில்லை. அவ்வீட்டின் ஒரு வாரத்தை வாங்க ஐம்பது பேரிடம் பணம் இருந்தது. ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரங்களில் ஓரிரண்டைப் பழுதுபார்க்க ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைத் தனித்தனியே பத்திரம் எழுதி விற்கலாயினர்.

இதிலுள்ள கணக்கை எவரும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு இலட்சத்திற்கு விற்க முடியாத வீட்டின் ஒரு வாரத்தைப் பதினாயிரத்திற்கு விற்றால், ஐம்பது வாரத்தில் ஐந்து இலட்சம் வருகிறது. (இவை விளக்கத்திற்காக நாம் இட்ட எண்கள்.) மிகுதி மூன்று இலட்சம் கட்டியவருக்கு ஊதியமாகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வீட்டிற்கு ஒரு வாங்குநரைத் தேடுவதற்கு மாறாக ஐம்பது வாங்குநரைத் தேடியாக வேண்டுமே! அந்தத் தேடும் செலவுதான் இவ்வரலாற்றின் கரு.

ஆண்டுதோறும் ஒரே ஊருக்குப் போவது சலிப்பைத் தரும் என்ற தடையும் இருந்தது. 1974-இல் இந்தியானாப்பொலிசு நகரில் ஜான் தெஹான், கிறிஸ்டல் தெஹான் என்னும் கணவன் மனைவியர் ஆர்.சி.ஐ. என்ற மாற்று நிறுவனத்தைத் தொடங்கி அத்தடையை நீக்கினர். உம்முடைய வாரத்தை எங்களிடம் ஒப்படையும். வேறோர் ஊரில் வேறொருவர் ஒப்படைத்த வாரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதே ஏற்பாடு. 1976-இல் மயாமி நகரில் இன்டர்வல் இன்டர்நேஷனல் என்ற போட்டி நிறுவனமும் பிறந்தது. இவை வந்தபின், விற்பவர் ஒரு வாரத்தை விற்றதோடு உலகத்தையே விற்பதுபோல் பேச முடிந்தது.

விலையின் உள்ளீடு

விற்கும் முறையை நம் வாசகர் பலர் நேரிலும் கண்டிருக்கக்கூடும். பேரங்காடியில் ஒருவர் புன்னகையுடன் வழிமறிக்கிறார்; அல்லது பரிசு விழுந்திருப்பதாகத் தொலைபேசி வருகிறது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனை. தொண்ணூறு நிமிடப் பேச்சு என்பார்கள். அது மூன்று மணி நேரமாக நீளும். ஒருவர் பேசி ஓய்ந்தால் மேலாளர் வருவார். அவர் ஓய்ந்தால் இன்னும் பெரியவர் வருவார். ஒவ்வொருவர் வரும்போதும் விலை ஒரு படி இறங்கும். இன்று கையெழுத்திட்டால்தான் இவ்விலை, நாளை கிடையாது என்பது முடிவுரை. காலைச் சிற்றுண்டி, நுழைவுச் சீட்டு, இரண்டு நாள் இலவசத் தங்கல் ஆகிய பரிசுகளைப் பெற்றுக்கொண்டு வாங்காமலே திரும்புவோர் பெரும்பான்மையினர்.

அவர்களுக்கு இட்ட சிற்றுண்டியின் செலவையும் வாங்கிய சிறுபான்மையினரே கொடுக்கிறார்கள். பங்குச் சந்தையில் இடம்பெற்ற அமெரிக்கக் காலப்பங்கு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தம் கணக்கை வெளியிடுகின்றன. விற்பனைக்கும் விளம்பரத்திற்கும் ஆகும் செலவு விற்ற தொகையில் ஏறக்குறையப் பாதியை விழுங்குவதை அக்கணக்குகளிலேயே காணலாம். கட்டடத்தின் அடக்கவிலை அதைவிடச் சிறிய கூறு. எனவே நேர்விற்பனையில் ஒருவர் இருபதினாயிரம் கொடுத்தால், அதில் பெரும்பங்கு அவரை வாங்கச் செய்வதற்கு ஆன செலவு. அச்செலவு அவர் கையெழுத்திட்ட அன்றே செலவழிந்து போயிற்று. அவர் அதனை மற்றொருவருக்கு விற்க முடியாது. அவரிடம் எஞ்சியிருப்பது வாரம் ஒன்றே.

மறுவிற்பனைச் சந்தையில் புன்னகைப்பவரும் இல்லை, சிற்றுண்டியும் இல்லை. அங்கு வருபவர் தாமே தேடி வந்தவர். நாலு விலையை ஒப்பிட்டுப் பார்த்தவர். அவர் வாரத்திற்கு மட்டுமே விலை சொல்வார். ஆகவே முதல் விலைக்கும் மறுவிலைக்கும் உள்ள இடைவெளி தேய்மானத்தால் வந்ததன்று; முதல் விலைக்குள்ளேயே அந்த இடைவெளி அடங்கிக் கிடந்தது.

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டால், அப்படியானால் மறுவிற்பனையில் வாங்கிவிடலாமே, பழைய புத்தகக் கடையில் நல்ல நூல் பாதி விலைக்குக் கிடைப்பதைப் போல என்று தோன்றும். நமக்கும் பழைய புத்தகக் கடை பிடிக்கும். ஆனால் அங்கே வாங்கிய நூலை வீட்டில் வைத்திருப்பதற்காகப் பதிப்பகத்தாருக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்ட வேண்டுவதில்லை.

ஆண்டுக் கப்பம்

காலப்பங்கு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். விடுதிக்கு வண்ணம் பூசுவது, மெத்தை மாற்றுவது, நிலவரி, காப்பீடு, மேலாண்மை நிறுவனத்தின் ஊதியம் எல்லாம் அதில் அடங்கும். தங்கப் போனாலும் போகாவிட்டாலும் அது வந்து நிற்கும். அமெரிக்காவில் ஒரு வாரத்திற்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் என்பது இப்போது பொதுநிலை. அது குறைவது அரிது. புயல் அடித்துக் கூரை பறந்தால் அதற்கென்று தனிவரி வேறு உண்டு.

ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். பராமரிப்புக் கட்டணம் முதலாண்டில் 1,000 வெள்ளி. ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுகிறது என்க. இருபது ஆண்டில் மொத்தம் 33,000 வெள்ளிக்குச் சற்று மேலாகிறது. நேர்விற்பனையில் 20,000 வெள்ளி கொடுத்தவருக்கு ஆகும் செலவு 53,000 வெள்ளி. மறுவிற்பனையில் 2,000 கொடுத்தவருக்கு 35,000. இருவருமின்றி, அதே தரமுள்ள அறையை ஆண்டுதோறும் வாடகைக்கு எடுக்கும் மூன்றாமவர் ஒருவரையும் நினைத்துக்கொள்வோம். ஒரு வார வாடகை முதலாண்டில் 1,500. ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏற்றம் என்றால், அவருக்கு இருபது ஆண்டில் 40,000 வெள்ளிக்குச் சற்று மேல் ஆகும்.

நேர்விற்பனையில் வாங்கியவர் வாடகைக்காரரைவிட 13,000 வெள்ளி மிகுதியாகக் கொடுத்திருக்கிறார். மறுவிற்பனையில் வாங்கியவருக்கு 5,000 வெள்ளி மிச்சம். ஆனால் அந்த மிச்சம் எத்தனை மெல்லியது என்று பாருங்கள். பிள்ளையின் தேர்வு, தாயாரின் நோய், அலுவலில் விடுப்பின்மை என்று இருபது ஆண்டில் நான்கு ஆண்டு போக முடியாமற் போனால், வாடகைக்காரர் அந்த நான்கு ஆண்டும் ஒரு காசும் செலவழித்திருக்கமாட்டார். அவர் செலவு சுமார் 32,000-இல் நின்றுவிடும். காலப்பங்குக்காரர் 35,000-உம் கட்டியே தீரவேண்டும். எண்களை மாற்றினால் முடிவும் மாறும். நம் எண்களே சரி என்று வழக்காட வரவில்லை. மறுவிற்பனையில் விலை சுழியத்திற்கு வந்தாலும் பொருள் இலவசமாகிவிடவில்லை என்பதற்கு இது போதும். ஒரு டாலருக்கு விற்க முன்வந்தவர் வாரத்தை விற்கவில்லை. தம் தோளிலிருந்த கட்டணத்தை இறக்கி வைக்க இடம் தேடினார்.

பல ஒப்பந்தங்கள் முடிவில்லாக் காலத்திற்கு எழுதப்பட்டவை. வாங்கியவர் இறந்தால் அவருடைய எஸ்டேட் கணக்கில் அந்த வாரமும் ஒரு சொத்தாக வந்து சேரும். சொத்து என்று பெயர், வந்தது கடன். பிரான்சில் இவ்வாறு மரபுரிமையால் பங்காளரானவர்கள் வெளியேற வழியின்றித் தவித்ததால், 2009-இலும் 2014-இலும் பழைய சட்டத்தைத் திருத்தி வாயிலைச் சிறிது திறந்துவிட வேண்டியதாயிற்று. உடைமை என்ற சொல்லைத் தடுத்த சட்டத்திற்கு, உடைமையின் முதல் இலக்கணமாகிய விட்டொழிக்கும் உரிமையைச் சேர்க்க இருபத்து மூன்று ஆண்டு பிடித்தது.

பொருளையே பிரித்த உத்தி

1984-இல் மாரியட், 1991-இல் டிஸ்னி, 1992-இல் ஹில்டன் எனப் பெயர்பெற்ற நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. பெயருக்கு அஞ்சும் நிறுவனங்கள் வந்ததால் வாணிகத்தின் முரட்டுத்தனம் ஓரளவு குறைந்தது என்பதை மறுக்க வேண்டுவதில்லை. டிஸ்னி நிறுவனம் வாரம் என்ற கணக்கை விட்டுப் புள்ளிக் கணக்கைக் கைக்கொண்டது. ஆண்டுக்கு இத்தனை புள்ளி. விழாக்காலத்தில் ஓர் இரவுக்கு மிகுதியான புள்ளி, மழைக்காலத்தில் குறைந்த புள்ளி. உரிமையும் முடிவில்லாதது அன்று. ஆண்டு குறித்து முடிவது. மறுவிற்பனை நடந்தால் அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முதல் கொள்வுரிமையையும் அது ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டது. விலை மிகவும் சரிந்தால் நிறுவனமே குறுக்கிட்டு எடுத்துக்கொள்ளலாம். இக்காரணங்களால் டிஸ்னியின் புள்ளிகள் மறுசந்தையிலும் மதிப்பிழக்காமல் நின்றன.

மதிப்பு நின்றதால் மறுசந்தை வளர்ந்தது. வளர்ந்த மறுசந்தை நிறுவனத்தின் நேர்விற்பனைக்கே போட்டியாயிற்று. தன் சரக்கே தனக்குப் பகையான இந்நிலையில் நிறுவனங்கள் செய்ததுதான் இவ்வரலாற்றின் கூர்மையான பகுதி. விலையைக் குறைக்கவில்லை. பொருளைப் பிரித்தன.

மாரியட் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் புதிய புள்ளித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன்பின் வெளியாரிடம் மறுவிற்பனையில் வாங்கிய வாரங்களை அத்திட்டத்தில் சேர்க்க இயலாது என்று வரையறுத்தது. டிஸ்னி 2011 மார்ச்சு முதல், மறுவிற்பனையில் வாங்கியவர்கள் தம் புள்ளிகளைக் கப்பற் பயணம் முதலிய வெளித்திட்டங்களுக்கு மாற்ற முடியாது என்றது. 2016 ஏப்ரலில் உறுப்பினருக்குரிய தள்ளுபடிகளும் சலுகைகளும் அவர்களுக்கு இல்லையாயின. 2019 சனவரி 19-க்குப் பின்னர் வந்த விதி இன்னும் கடுமையானது. அன்றுவரை விற்பனைக்கு வந்திருந்த பதினான்கு விடுதிகளில் ஒன்றின் புள்ளியை அதன்பின் மறுவிற்பனையில் வாங்குபவர், அப்பதினான்கிற்குள்ளேயே தங்கலாம். புதிதாக எழும்பிய ரிவியெரா விடுதிக்கும் அதற்குப் பின் வரும் விடுதிகளுக்கும் போக முடியாது. ரிவியெராவின் புள்ளியை மறுவிற்பனையில் வாங்கியவரோ ரிவியெராவைத் தவிர வேறெங்கும் போக முடியாது.

இதன் பொருள் என்ன? முன்னாளில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருந்தது. இப்போது இரண்டு விலைக்கு இரண்டு பொருள்கள் ஆக்கப்பட்டுவிட்டன. விற்பனையாளர் மேசைக்கு எதிரே அமர்ந்து, மறுவிற்பனையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவருக்கு விடை ஆயத்தமாக இருக்கிறது: அது இதுவன்று. அவர் சொல்வது உண்மையே. ஆனால் அவர் சொல்லாமல் விடுவதும் ஒன்று உண்டு. இன்று நேர்விற்பனையில் வாங்கிய முழு உரிமை, நாளை வாங்கியவரே விற்க முற்படும்போது குறை உரிமையாக மாறிவிடும். மறுவிற்பனையாளர்மேல் விதித்த தடை, உண்மையில் முதலில் வாங்கியவரின் பணப்பையிலிருந்தே எடுக்கப்படுகிறது. அவர் கையெழுத்திடும் நாளில் இதனை உணர்வதற்கு வழியில்லை. அவர் நினைவெல்லாம் வாங்குவதிலே இருக்கும்.

சட்டம் நடந்த நடை

முதல் வாங்குநரைக் காக்கச் சட்டங்கள் பல வந்தன. புளோரிடா மாநிலம் 1981-இல் காலப்பங்குக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. கையெழுத்திட்டவர் பத்து நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது அங்குள்ள விதி. பிரிட்டன் 1992-இல் பதினான்கு நாள் தவணை தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994-ஆம் ஆண்டு நெறியாணை பத்து நாள் தந்ததோடு, அந்நாட்களுக்குள் முன்பணம் வாங்குவதையும் தடுத்தது. சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வாணிபம்) சட்டத்தின் கீழ் வந்த விதிகள் காலப்பங்கு ஒப்பந்தத்தை முறிக்கத் தவணை அளித்தன. 2009 முதல் அது ஐந்து நாள், சனி ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக. மலேசியாவில் காலப்பங்குகள் பொதுமக்களிடம் பணம் திரட்டும் திட்டங்களாகக் கருதப்பட்டு, முன்னர் 1965-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் கீழும், பின்னர் 2016-இல் இயற்றிய தனிச்சட்டத்தின் கீழும் மேற்பார்வை பெறுகின்றன. பொறுப்புறுதிப் பத்திரமும், வாங்கியோர் நலம் காக்கும் பொறுப்பாளரும் வேண்டும் என்பது அங்கு நெறி.

இவையெல்லாம் உள்ளே நுழைபவருக்கு வாயிற்காவல். வெளியேற விரும்புபவரைப் பற்றிச் சட்டம் நெடுங்காலம் எண்ணவில்லை. அந்த வெற்றிடத்தில் நுழைந்தவர்கள் பலர். உங்கள் வாரத்தை வாங்க ஒருவர் காத்திருக்கிறார். பதிவுச் செலவுக்கு மட்டும் முன்பணம் அனுப்புங்கள் என்பது அவர்கள் பாட்டு. பணம் போனபின் வாங்குபவரும் இல்லை, தரகரும் இல்லை. முன்னரே ஏமாந்தவரின் முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு மறுமுறை ஏமாற்றும் கொடுமை இது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 சனவரியில் ஏற்ற புதிய நெறியாணையில், மறுவிற்பனைத் தரகர் விற்பனை முடிவதற்கு முன் ஒரு காசும் வாங்கலாகாது என்று விதித்தது. புளோரிடா 2012-இல் மறுவிற்பனை விளம்பரக்காரருக்கென்றே சட்டம் செய்தது. 2013 சூன் மாதத்தில் அமெரிக்கக் கூட்டரசு வாணிக ஆணையமும் பிற அமைப்புகளும் இத்தகைய மறுவிற்பனை, பயணப் பரிசு மோசடிகளின் மேல் எடுத்த நூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நடவடிக்கைகளை ஒருங்கே அறிவித்தன. 2023-இல் வந்த செய்தி இவற்றையெல்லாம் மிஞ்சியது. மெக்சிகோவின் புவெர்த்தோ வல்யார்த்தாப் பகுதியில், ஹலிஸ்கோவின் பெயர் தாங்கிய போதைப்பொருட் கும்பலே இம்மோசடியைத் தொழிலாக நடத்துகிறது என்று கூறி, அமெரிக்க நிதித்துறை அதனோடு தொடர்புடைய பலர்மீது பொருளாதாரத் தடை விதித்தது. பெரும்பாலும் முதிய அமெரிக்கர்களின் பழைய வாரங்களே அக்கும்பலுக்கு இரை.

இசுபானியாவில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், காலப்பங்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஐம்பது ஆண்டுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்றது. கிரான் கனேரியாத் தீவில் அதன்பின்னும் முடிவில்லாக் காலத்திற்கு விற்கப்பட்ட ஒப்பந்தம் ஒன்றை, 2015 சனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அதனைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான வழக்குகள் எழுந்தன. என்றென்றைக்கும் என்ற சொல் விற்பனையின்போது இனித்தது. நீதிமன்றத்தில் அச்சொல்லே விற்றவரைக் கவிழ்த்தது.

வாங்க விழைவோர்

இத்தனைக்குப் பின்னும் ஒருவர் ஒரு விடுதியை உண்மையிலேயே விரும்பி, ஆண்டுதோறும் அங்கே போகக் கூடியவராக இருந்தால், மறுவிற்பனையே அவருக்கு ஏற்றது என்பது எம் கருத்து. நேர்விற்பனைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கவை இரண்டே: முழுச் சலுகையும், சட்டம் தரும் முறிவுத் தவணையும். தனியாருக்குத் தனியார் விற்கும் மறுவிற்பனையில் அத்தவணை பெரும்பாலும் இராது. ஆகவே மறுவிற்பனையில் வாங்குபவர் முன்கூட்டியே விடுதி நிருவாகத்திடம் எழுத்தில் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. விற்பவர் பெயரில்தான் பத்திரம் உள்ளதா, பழைய கட்டணம் பாக்கி உண்டா, வாங்கிய கடன் தீர்ந்ததா, கடந்த பத்தாண்டில் பராமரிப்புக் கட்டணம் எப்படி ஏறியது, பெயர் மாற்றியபின் எந்தெந்த உரிமை ஒழியும் என்பன அவை. பணத்தை விற்பவரிடம் நேரே கொடாமல் நடுவர் கணக்கில் வைத்துப் பத்திரம் பதிந்தபின் விடுவிக்கும் வழக்கமும் அமெரிக்காவில் உண்டு. கடைசி வினாவொன்றை மறக்கலாகாது: உரிமை எந்த ஆண்டில் முடிகிறது?

டிஸ்னி நிறுவனத்தின் முதல் காலப்பங்கு விடுதி, இன்று ஓல்டு கீ வெஸ்டு என வழங்குவது, 1991 திசம்பரில் புளோரிடாவில் திறக்கப்பட்டது. அங்குள்ள உரிமைகள் 2042 சனவரி 31-ஆம் நாளோடு முடியும் என்று தொடக்கத்திலேயே எழுதப்பட்டது. 2007-இல் கூடுதல் பணம் கட்டினால் 2057 வரை நீட்டித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. சிலர் கட்டினர், சிலர் கட்டவில்லை. அண்மை ஆண்டுகளில் புதிய விடுதிகளின் புள்ளி நேர்விற்பனையில் இருநூறு டாலருக்கு மேல் விற்கையில், ஓல்டு கீ வெஸ்டின் புள்ளி மறுசந்தையில் அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தது. அங்கே விளம்பரம் செய்யும் தரகர்கள் ஒரே விடுதிக்கு இரண்டு வரிசை எழுதுகிறார்கள். ஒன்று 2042, மற்றொன்று 2057. அறை ஒன்றே, கட்டில் ஒன்றே, ஆண்டுக் கட்டணமும் ஏறக்குறைய ஒன்றே. 2042 என்று எழுதிய வரிசையில் ஒவ்வொரு சனவரி கழியும்போதும் ஓர் ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.